சூய்–ஹானா, சவ்சென்கோ–மாசோவா, தாரசோவா–மொரோசோவா: யார் உசத்தி?

குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். மகள் ரோலர் ஸ்கேட்டிங் பழகுகிறாளாம், அவளோடு உட்கார்ந்து 2018, 2022 இரண்டு ஒலிம்பிக்கிலும் பேர்ஸ் (ஐஸில் ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்) ஃப்ரீ ஸ்கேட்டை, அதாவது நீளமான இரண்டாவது ஆட்டத்தை, பார்த்திருக்கிறார். "சீனாவின் சூய் வென்ஜிங்–ஹான் சோங் முதல் தடவை 0.43 புள்ளியில் தோற்றார்கள், அடுத்த தடவை 0.63 புள்ளியில் ஜெயித்தார்கள். மகளுக்கு ஜெர்மனி ஜோடிதான் உசத்தி, எனக்குச் சீனா, வீட்டுக்காரருக்கு ரஷ்யாவின் தாரசோவா–மொரோசோவ். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்து யார் பெரியவர் என்று எப்படிச் சொல்வது, இந்த மார்க்கை நம்பலாமா?" இதுதான் கேள்வி.

முதலில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரும். ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்து வைத்துப் பேசினால் ஜெர்மனியின் அலியோனா சவ்சென்கோ–புரூனோ மாசோ 2018ல் ஆடிய ஃப்ரீ ஸ்கேட்டை மிஞ்சியது எதையும் நான் பார்த்ததில்லை, அதில் உங்கள் மகள் சொல்வது சரி. ஒரு ஜோடியாக, பத்துப் பதினைந்து வருஷத்து உழைப்பாகப் பார்த்தால் சூய்–ஹான். ஒரு தனி வித்தை, அதாவது ட்விஸ்ட் (பெண்ணை மேலே எறிந்து, காற்றில் சுற்றவிட்டு, திரும்பப் பிடிப்பது) மட்டும் என்றால் உங்கள் வீட்டுக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றையும் சமமாக வைத்துவிட்டு நான் நழுவப் போவதில்லை, எனக்கு சூய்–ஹான்தான் மேலே.

மார்க்கிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் சண்டை எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. நம்ம வேலூர் பக்கத்துக்காரர்களுக்குத் தூக்குவது என்றால் பளுதூக்குதல்தான் ஞாபகம் வரும். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் 2014 கிளாஸ்கோவில் மொத்தம் 328 கிலோ, 2018 கோல்டு கோஸ்டில் 317 கிலோ தூக்கி இரண்டு காமன்வெல்த் தங்கம் வாங்கினார். அங்கே மூன்று நடுவர்கள், இரண்டு வெள்ளை விளக்கு எரிந்தால் தூக்கினது தூக்கினதுதான், அதற்கப்புறம் கிலோவை எண்ண வேண்டியதுதான். பேர்ஸில் தூக்குகிறவர் நகர்ந்துகொண்டே, சுற்றிக்கொண்டே, ஒரு பிளேடு விளிம்பின் மேல் நின்று இன்னொரு ஆளைத் தலைக்கு மேல் வைத்திருக்கிறார், மேலே இருப்பவர் காற்றிலேயே நிலை மாறுகிறார், இறங்கும்போதும் வேகம் குறையக்கூடாது. இதைக் கிலோவில் சொல்ல முடியாது. அதனால் இரண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள். என்ன வித்தை, எந்தக் கடினம் என்று ஒரு தொழில்நுட்பக் குழு முடிவு செய்யும், அதற்கு ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்பதை ஒன்பது நடுவர்கள் கூட்டியும் கழித்தும் போடுவார்கள், ஸ்கேட்டிங் தரம், இசையோடு ஒட்டுவது போன்றவற்றுக்குத் தனி மார்க். ஒவ்வொன்றிலும் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிட்டு மீதி ஏழு பேரின் சராசரி.

இந்த முறையே ஒரு பெரிய அசிங்கத்துக்குப் பிறகு வந்ததுதான். 2002 சால்ட் லேக் சிட்டியில் ரஷ்யாவின் பெரெஷ்னயா–சிகாருலிட்ஸேவுக்கு ஐந்து நடுவர்கள், கனடாவின் சாலே–பெல்டியேவுக்கு நான்கு நடுவர்கள் என்று தீர்ப்பாகி, பிரெஞ்சு நடுவருக்கு அழுத்தம் வந்தது என்று வெடித்து, கடைசியில் கனடாவுக்கும் ஒரு தங்கம் கொடுத்தார்கள். அதற்கு முன் ஆறு மார்க்குக்கு இத்தனை என்று போட்ட பழைய முறை அதோடு மூட்டை கட்டப்பட்டது. புதிய முறையிலும் சாய்வு இல்லாமல் போகவில்லை, 2018 பேர்ஸில் தன் நாட்டு ஜோடிக்குச் சாதகமாக மார்க் போட்டதற்காக ஒரு சீன நடுவரைச் சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் பிறகு இடைநீக்கம் செய்தது. அந்தச் சாய்வையும் தாண்டித்தான் ஜெர்மனி ஜோடி ஜெயித்தது என்பதைக் கவனியுங்கள். ஆகவே மார்க்கை நம்பலாமா என்றால், மூன்று நான்கு புள்ளி வித்தியாசம் இருந்தால் நம்பலாம், அரைப் புள்ளி என்றால் அன்றைக்கு யாருக்குப் பதக்கம் என்பதற்கு மட்டும் அது போதும், யார் பெரியவர் என்பதற்குப் போதாது.

0.43 எவ்வளவு சின்னது என்று ஒரு கணக்கு. 2018ல் இருந்த விதிப்படி ஒரு மூன்று சுற்று சால்கோ தாவலில் எல்லா நடுவரும் ஒரே ஒரு படி ஏற்றி அல்லது இறக்கிப் போட்டால் 0.7 மாறும். அவ்வளவுதான்.

இப்போது 2018 பிப்ரவரி, தென்கொரியாவின் காங்னுங். ஷார்ட் புரோகிராமில் (முதல் நாள் சின்ன ஆட்டம், இதையும் ஃப்ரீ ஸ்கேட்டையும் கூட்டினதுதான் மொத்தம்) சூய்–ஹான் 82.39 எடுத்து முதலிடம், தாரசோவா–மொரோசோவ் 81.68, கனடாவின் டுஹாமெல்–ராட்ஃபோர்ட் 76.82, சவ்சென்கோ–மாசோ 76.59 எடுத்து நான்காவது. ஏன் நான்காவது? பக்கம் பக்கமாக இருவரும் தாவ வேண்டிய மூன்று சுற்று சால்கோவில் மாசோ இரண்டு சுற்றோடு இறங்கிவிட்டார். பேர்ஸில் இருவரில் யார் குறைவாகச் சுற்றினாரோ அவர் கணக்குதான் எடுபடும். மூன்று சுற்றுக்கு அடிப்படை மதிப்பு 4.4, இரண்டு சுற்றுக்கு 1.3. அந்த ஒரு நொடியில் மூன்று புள்ளிக்கு மேல் போயிற்று. மறுநாள் ஃப்ரீ ஸ்கேட்டில் அவர்கள் 159.31, அப்போதைய உலக சாதனை. சூய்–ஹான் 153.08, அவர்களும் பிசகினது எங்கே என்று பார்த்தால் அதே பக்கம் பக்கமாகத் தாவும் தாவல்களில்தான். மொத்தம் 235.90க்கு 235.47.

இதில் என்னை எப்போதும் பிடித்து நிறுத்தும் விஷயம் ஒன்று. பேர்ஸ் என்பது இரண்டு பேர் ஒருவரையொருவர் பிடித்து, தூக்கி, எறிந்து, திரும்பப் பிடிக்கிற விளையாட்டு. ஆனால் பெரிய போட்டிகளில் பதக்கம் இடம் மாறுவது பெரும்பாலும் இருவரும் கையை விட்டுவிட்டுத் தனித்தனியாகத் தாவுகிற அந்த இரண்டு இடங்களில். தனி ஸ்கேட்டர்களுக்கு சாதாரணமான ஒரு மூன்று சுற்றுத் தாவல், பேர்ஸ்காரர்களின் வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் மொத்த மார்க்கை வைத்து ஜோடிகளை ஒப்பிட்டால், அவர்கள் ஜோடியாக இல்லாத நேரத்தை வைத்தே ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். நான் பார்ப்பது மற்றதை. கை சேர்ந்திருக்கும்போது என்ன நடக்கிறது, கை விட்டது பிசகின பிறகு மறுபடி எப்படிச் சேர்கிறார்கள்.

அந்த வகையில் சவ்சென்கோ–மாசோவின் அந்த நான்கரை நிமிஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (அப்போது ஃப்ரீ ஸ்கேட் நான்கரை நிமிஷம், அடுத்த சீசனிலிருந்து நான்கு). கிறிஸ்டோபர் டீன் அமைத்த ஆட்டம். ஐஸ் டான்ஸில் 1984ல் தங்கம் வாங்கியவர், அந்தக் கை இதில் தெரியும். லிஃப்டுக்குள் நுழைவதற்கு முன் தயாராகிற நடை, மூச்சு வாங்குகிற நேரம், இதெல்லாம் மற்ற ஜோடிகளிடம் கண்ணுக்குத் தெரியும், இவர்களிடம் எங்கே ஆரம்பித்தது என்றே பிடிபடாது. த்ரோவில், அதாவது மாசோ எறிய சவ்சென்கோ சுற்றிக்கொண்டே போய்த் தானே ஐஸில் இறங்குகிற இடத்தில், அவர் போகும் தூரத்தைப் பாருங்கள், இறங்கின உடனே அடுத்த அசைவு தொடங்கியிருக்கும். சவ்சென்கோவுக்கு அப்போது 34 வயது, ஐந்தாவது ஒலிம்பிக். 2002ல், தான் பிறந்த நாடான உக்ரைனுக்காக ஆடியவர், பிறகு ராபின் ஷோல்கோவியோடு ஜெர்மனிக்காக ஐந்து உலகப் பட்டம், 2010லும் 2014லும் ஒலிம்பிக் வெண்கலம். 2014 சோச்சியில் கடைசி வித்தையாக த்ரோ ட்ரிபிள் ஆக்சல் (மூன்றரை சுற்று, மிகக் கடினமான த்ரோ) போட்டு விழுந்தார், அதைப் போடாமலே பத்திரமாக முடித்திருக்கலாம், ஆனாலும் போட்டார். அந்தப் பிடிவாதம்தான் ஷோல்கோவி ஓய்வு பெற்ற பிறகு பிரான்ஸிலிருந்து ஒரு புதுத் துணையைப் பிடித்து நாலு வருஷம் உழைக்க வைத்தது. மாசோவுக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைத்ததே 2017 நவம்பரில், ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம் முன்பு. நான்காவது இடத்திலிருந்து, இனி ஒரு பிசகு கூட ஆகாது என்ற நிலையில் வந்து இப்படி ஆடினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. அடுத்த மாதமே மிலானில் உலகப் போட்டியில் 162.86, மொத்தம் 245.84. அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அப்புறம் ஏன் சூய்–ஹான் மேலே என்கிறேன்?

அவர்கள் இருவரும் ஹார்பினில் சின்னப் பிள்ளைகளாக 2007ல் சேர்ந்தவர்கள். ஹான் உயரமானவர் இல்லை. பேர்ஸில் ஆண் உயரமாக, பெண் மிகச் சின்னதாக இருந்தால்தான் லிஃப்ட் சுலபம், த்ரோவில் தூரம் கிடைக்கும். இவர்களுக்குள் அந்த இடைவெளி குறைவு. அந்தக் குறையை வேகத்தாலும், முழங்காலை ஆழமாக மடித்து எடுக்கும் தள்ளுதலாலும், நேரம் பிடிப்பதாலும் ஈடுகட்டினார்கள். 2016ல் சூய்க்கு இரண்டு காலிலும் அறுவை சிகிச்சை. 2017 பிப்ரவரியில் திரும்பி வந்து இதே காங்னுங்கில் நான்கு கண்டப் போட்டியை (ஐரோப்பா அல்லாத நாடுகளுக்கானது) ஜெயித்து, அடுத்து ஹெல்சிங்கியில் 232.06 எடுத்து முதல் உலகப் பட்டம், அங்கே இரண்டாவது யார் தெரியுமா, 230.30 எடுத்த சவ்சென்கோ–மாசோ. ஆக 2017 உலகப் போட்டியில் இவர்கள் முன்னே, 2018 ஒலிம்பிக்கில் அவர்கள் முன்னே. 2018 தோல்விக்குப் பிறகு மறுபடி காயம், மறுபடி ஓய்வு, 2019 சைத்தாமாவில் மறுபடி உலகப் பட்டம். 2020ல் இந்தத் தடவை ஹானுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. ஓராண்டுக்கு மேல் போட்டியே இல்லாமல் 2021 ஸ்டாக்ஹோமுக்கு வந்து, முதல் உலகப் போட்டிக்கே வந்த ரஷ்யாவின் மிஷினா–கல்யாமோவிடம் 1.88 புள்ளியில் தங்கத்தை விட்டார்கள். ஒருவர் மருத்துவமனையில் இருந்தபோது இன்னொருவர் வேறு துணை தேடிப் போகவில்லை. பேர்ஸில் இது சாதாரண விஷயம் இல்லை, துணை மாறுவதுதான் அங்கே வழக்கம், சவ்சென்கோவே மூன்று துணையோடு ஒலிம்பிக் ஆடியவர்தான்.

ஆனால் கஷ்டப்பட்டார்கள் என்பதற்காக உசத்தி என்று சொல்லவில்லை. ஐஸில் தெரிவதைச் சொல்கிறேன். சூய்யின் முகமும் முதுகும் கையும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைச் சொல்லும், ஹானின் கண் எப்போதும் அவர் மேலேயே இருக்கும். நிறைய ஆண் ஸ்கேட்டர்கள் தூக்கும் வேலை முடிந்ததும் பின்னால் நிற்கும் ஆளாகிவிடுவார்கள். ஹான் ஒரு நொடி கூட அப்படி ஆவதில்லை. 2022 பெய்ஜிங்கில் அவர்கள் ஃப்ரீ ஸ்கேட்டை நான்கு சுற்று ட்விஸ்டோடு ஆரம்பித்தார்கள். ஆண் மேலே எறிய, பெண் படுத்த நிலையில் காற்றில் நான்கு சுற்று சுற்றி, திரும்ப இடுப்பில் பிடிபட வேண்டும். பதக்கத்துக்கு நின்ற மற்றவர்கள் எல்லாம் மூன்று சுற்று. சொந்த ஊர்க் கூட்டம், தோற்றால் இன்னொரு நாலு வருஷம், அந்த நிலையில் முதல் வித்தையாக அதை வைத்ததற்குத் தைரியம் வேண்டும். 2017ல் முதல் உலகப் பட்டம் வாங்கித் தந்த அதே இசைக்கு மறுபடி ஆடினார்கள், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஐந்து வருஷத்தில் அந்த உடம்புகள் எவ்வளவு கற்றுக்கொண்டிருக்கின்றன என்று புரியும்.

சரி, தாரசோவா–மொரோசோவ். உங்கள் வீட்டுக்காரரை நான் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2022ன் கணக்கைப் பாருங்கள்: ஷார்ட்டில் சூய்–ஹான் 84.41, இவர்கள் 84.25. ஃப்ரீயில் 155.47க்கு 155.00. மொத்தம் 239.88, 239.25. மூன்றாவது வந்த மிஷினா–கல்யாமோவ் 237.71. இரண்டு நாளும் கிட்டத்தட்டப் பக்கத்திலேயே ஓடி வந்தவர்களை வெறும் "இரண்டாவது" என்று சொல்லித் தள்ளுவது அநியாயம். அவர்களுடைய ட்ரிபிள் ட்விஸ்டை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தாரசோவா மொரோசோவின் தலைக்கு மேல் அவ்வளவு உயரத்தில் போய், சுற்றி முடித்து, இறங்க நேரம் மீதி இருக்கிற மாதிரித் தெரியும், பிடிக்கும்போது தோளில் உரசாமல் நேராக இடுப்பில் கை. பாடப் புத்தகத்தில் போடலாம். ஆனால் அந்த வித்தைக்கும் அடுத்த வித்தைக்கும் நடுவில் என்ன நடக்கிறது? இசை போய்க்கொண்டிருக்கும், அவர்கள் அடுத்ததற்குத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். ஒரு சிறு பிசகு நடந்தால் முகம் மூடிக்கொள்ளும். 2018ல் இரண்டாவது இடத்திலிருந்து ஃப்ரீயில் 143.25 எடுத்து நான்காவதாகச் சரிந்தது அப்படித்தான். 2022ல் அந்தப் பதற்றத்தை ஜெயித்து வந்தார்கள், அவர்கள் ஆடியதிலேயே சிறந்த ஆட்டம் அதுதான், அதுவும் நிஜம். சொந்த மண்ணில் கிடைத்த சலுகை என்று சொல்லி சூய்–ஹானின் தங்கத்தைக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 0.63 எந்தப் பக்கமும் போயிருக்கலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு ஆட்டத்தையும் மார்க்கைப் பார்க்காமல், சத்தத்தை அணைத்துவிட்டு ஓட விட்டால் எந்த ஜோடி உங்களைத் திரையிலிருந்து கண்ணெடுக்க விடவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. 2018 மொத்தத்தையும் 2022 மொத்தத்தையும் ஒப்பிட்டு, 239 பெரிது 235 சின்னது என்று சொல்லாதீர்கள். நடுவில் விதி மாறிவிட்டது. முன்பு ஒவ்வொரு வித்தைக்கும் தரத்துக்காகப் பிளஸ் மூன்றிலிருந்து மைனஸ் மூன்று வரை போட்டார்கள், 2018–19 சீசனிலிருந்து அது பிளஸ் ஐந்து, மைனஸ் ஐந்து. ஆட்ட நேரமும் குறைந்தது. சாதனைகளையே பூஜ்யத்திலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தார்கள். சவ்சென்கோ–மாசோவின் எண்கள் பழைய கணக்கில் பத்திரமாக இருக்கின்றன, அதை யாரும் முறியடிக்கவும் முடியாது, நெருங்கவும் முடியாது.

மிஷினா–கல்யாமோவ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி. தமாரா மோஸ்க்வினாவின் சிஷ்யர்கள், 2002ல் நான் மேலே சொன்ன பெரெஷ்னயா–சிகாருலிட்ஸேவுக்கும் அவர்தான் பயிற்சியாளர். கை விட்டுத் தாவுகிற இடத்தில் மற்ற மூன்று ஜோடிகளையும்விட இவர்கள் உறுதி. வேகம், சுத்தம் எல்லாம் உண்டு. இன்னும் சில வருஷம் சர்வதேசப் போட்டியில் ஆடியிருந்தால் இந்த விவாதமே வேறு மாதிரி போயிருக்கலாம், 2022 மார்ச் முதல் ரஷ்ய ஸ்கேட்டர்களுக்குத் தடை வந்துவிட்டது.

பாப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள். சக்கரத்தில் பழகுகிறவளுக்கு விளிம்பு என்பது புதிதாக இருக்கும். ஐஸ் பிளேடின் அடியில் நடுவே ஒரு பள்ளம் ஓடும், இரண்டு பக்கமும் உள் விளிம்பு, வெளி விளிம்பு. டெத் ஸ்பைரலில் ஆண் ஒரு காலின் முனையை ஐஸில் குத்தி மையமாக நிற்க, பெண் அவர் கையை மட்டும் பிடித்து, தலை ஐஸைத் தொடுகிற மாதிரிப் படுத்து ஒரே விளிம்பில் வட்டம் போடுவார். இந்த மூன்று ஜோடிகளையும் ஒப்பிட அவள் வயதுக்கு அதுதான் நல்ல இடம், அங்கே தாவலும் இல்லை, உயரமும் இல்லை. வட்டம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, வேகம் முடியும் வரை இருக்கிறதா, எழுந்திருக்கும்போது ஆண் இழுத்துத் தூக்குகிறாரா அல்லது பெண் தன் விளிம்பிலேயே எழுகிறாரா, இந்த மூன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் 2018 ஜெர்மனி, அப்புறம் 2022 ரஷ்யா, கடைசியாக 2022 சீனா என்ற வரிசையில் போடுங்கள். மூன்றிலும் டெத் ஸ்பைரல் வரும்போது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் அவள் சவ்சென்கோ என்று சொன்னால் அவளோடு வாதாட நான் வரமாட்டேன், அவளுக்கு நல்ல கண் இருக்கிறது என்று அர்த்தம்.